மெழுகுச் சிலையும் மாடி பஸ்ஸும்: ஒரே நாளில் முடியுமா?

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு அம்மணி கேட்டிருக்கிறார். வீட்டுக்காரர், 12 வயதுப் பையன், 8 வயதுப் பெண், கூடவே பிள்ளைகளின் அப்பச்சி, அம்மிச்சி (அம்மாவைப் பெற்ற தாத்தா, பாட்டி) என்று ஆறு பேராக லண்டன் போகிறார்கள். கையில் நான்கே நாள். மேடம் துசோ மெழுகுச் சிலைக் கூடத்துக்கும், நினைத்த இடத்தில் ஏறி இறங்கிக்கொள்ளும் மாடி பஸ்ஸுக்கும் சேர்த்து ஒரு கூட்டு டிக்கெட் கண்ணில் பட்டிருக்கிறது. தனித்தனியாக வாங்குவதைவிட மலிவு. வாங்கலாமா, ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிடலாமா, பெரியவர்களுக்குத் தாங்குமா என்பது கேள்வி.

வாங்கலாம் அம்மணி. ஆனால் ஒரே நாளில் இரண்டையும் கோத்து முடித்துவிடலாம் என்று மட்டும் இறங்காதீர்கள். சிலைக் கூடத்தை ஒரு பொழுதிலும் பஸ்ஸை வேறொரு பொழுதிலும் பிரித்து வைத்துக்கொண்டால் நல்ல டிக்கெட். ஒன்றுக்கு நடுவில் இன்னொன்றைச் செருகினால் இரண்டும் அரைகுறை.

நான் கோவை கணபதியில் 30 வருஷத்துக்கு மேல் பேட்டர்ன் கடை வைத்திருந்தவன். உலோகத்தை உருக்கி வார்க்கிற பவுண்டரிக்காரர்களுக்கு மரத்தில் மாதிரி செதுக்கிக் கொடுக்கிற வேலை. மகள் கல்யாணமாகி லண்டனில் இருப்பதால் நாலு தடவை போய்வந்தாகிவிட்டது. ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களை ஊர் சுற்றிக் காட்டும் பொறுப்பும் என் தலையில்தான் விழும். எல்லாரும் கேட்பது இந்த இரண்டையும்தான்.

முதல் தடவை நாங்களும் நீங்கள் யோசிக்கிற மாதிரியேதான் செய்தோம். காலை ஒன்பதரைக்கு விக்டோரியா பக்கத்தில் பஸ் ஏறினோம். சிலைக் கூடத்தில் எங்களுக்குக் கொடுத்த நேரம் பதினொன்றரை. இரண்டு மணி நேரம் இருக்கிறதே, ஊரைப் பார்த்துக்கொண்டே போய் இறங்கிவிடலாம் என்று கணக்கு. அன்றைக்கு ஏதோ ஊர்வலம், பாதி ரோட்டை அடைத்துவிட்டார்கள். போய்ச் சேரும்போது மணி 12.20. நல்லவேளை, உள்ளே விட்டார்கள். பார்த்துவிட்டு வெளியே வந்தபோது மூன்றரை. பஸ்ஸுக்கு வரிசையில் நின்று மேலே ஏறி உட்காரும்போது நாலேகால். ஐந்தரைக்கெல்லாம் கடைசிச் சுற்று முடிந்தது என்று இறக்கிவிட்டார்கள். டவர் பிரிட்ஜ் பாலத்தை அன்றைக்குப் பார்க்கவே இல்லை. யாரும் எங்களை ஏமாற்றவில்லை. எங்கள் கணக்குத்தான் தப்பு.

தப்பு எங்கே என்றால், இரண்டு டிக்கெட்டும் வேறு வேறு ஜாதி. சிலைக் கூடத்து டிக்கெட் முகூர்த்தம் மாதிரி: இந்தத் தேதி, இத்தனை மணிக்கு வாசலில் இருக்கணும். பஸ் டிக்கெட் நம்ம ஊர் வாடகை சைக்கிள் மாதிரி: எடுத்த நிமிஷத்திலிருந்து மணி ஓட ஆரம்பித்துவிடும். வாடகை சைக்கிளை வாசலில் நிறுத்திப் பூட்டிவிட்டு உள்ளே போய் முழுப் படம் பார்ப்போமா? பஸ் மணி ஓடிக்கொண்டிருக்கும்போது சிலைக் கூடத்துக்குள் இரண்டரை மணி நேரம் இருப்பது அதே வேலைதான். கடைக்காரருக்குத்தான் லாபம்.

அதனால் வாங்கும்போது முதலில் பார்க்கவேண்டியது விலையை இல்லை, பஸ் டிக்கெட்டின் ஆயுளை. சிலது முதலில் ஏறிய நேரத்திலிருந்து 24 மணி நேரம் செல்லும். சிலது அந்தத் தேதிக்கு மட்டும். சாயங்காலம் வண்டி நின்றதோடு சரி. 48 மணி நேரத்துக்கும் உண்டு. விளம்பரத்தில் 'ஒரு நாள்' என்று ஒரே வார்த்தையில் போட்டிருப்பார்கள். கீழே பொடி எழுத்தில்தான் விஷயம் இருக்கும். 24 மணி நேர டிக்கெட் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஒரே டிக்கெட்டை இரண்டு நாளில் விரித்துக்கொள்ளலாம்.

அப்படிக் கிடைத்தால் இப்படிச் செய்யுங்கள். காலையில் சிலைக் கூடம் திறக்கிற நேரத்துக்கே டிக்கெட் போடுங்கள். நாளைப் பொறுத்து அது ஒன்பதாகவோ பத்தாகவோ இருக்கும். அங்கே பாதாள ரயிலில் போய் இறங்குங்கள், பஸ்ஸில் போகாதீர்கள். பேக்கர் ஸ்ட்ரீட் நிலையத்தை விட்டு வெளியே வந்து மேரிலிபோன் ரோட்டில் கொஞ்சம் நடந்தால் கூடம். பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு வெளியே வருவீர்கள். பின்னால் ரீஜன்ட்ஸ் பார்க் இருக்கிறது. கட்டுச்சோறு கொண்டுபோயிருந்தால் அங்கே புல்தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம். அதற்கப்புறம், இரண்டு மணி வாக்கில், பேக்கர் ஸ்ட்ரீட் பக்கத்திலேயே மாடி பஸ் ஏறுங்கள். அப்போதுதான் உங்கள் 24 மணி நேரம் தொடங்குகிறது. அன்றைக்கு எங்கேயும் இறங்காமல் ஒரு முழுச் சுற்று. மறுநாள் காலை முதல் பஸ்ஸிலிருந்து இரண்டு மணிவரை மிச்ச நேரம் இருக்கும். முதல் நாள் மேலேயிருந்து பார்த்ததில் எது பிடித்ததோ அங்கே மட்டும் இறங்கிக்கொள்ளலாம். இறங்கி ஏறும் பஸ்ஸைத் திருப்தியாக அனுபவிக்க எனக்குத் தெரிந்து இதுதான் வழி.

அந்தத் தேதிக்கு மட்டும் செல்லுகிற டிக்கெட் என்றால் மாற்றிப் போடுங்கள். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து மத்தியானத்துக்குள் சுற்றை முடியுங்கள். சிலைக் கூடத்துக்கு மூன்று மணிக்கு மேல் நேரம் வாங்குங்கள். காலை நெரிசல் அப்போது குறைந்திருக்கும். ஆனால் அங்கே போய்ச் சேர பஸ்ஸை நம்பியிருந்தால் ஒரு மணி நேரமாவது முன்னால் இறங்குகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் போய்விட்டால் பூங்கா இருக்கிறது, உட்காரலாம்.

நீங்கள் எந்த மாதம் என்று சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு லீவு என்றால் மே மாதமாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். அப்போது ராத்திரி எட்டரை மணிக்குக்கூட வெளிச்சம் இருக்கும். டிசம்பர் அரைப்பரீட்சை லீவில் போகிறீர்கள் என்றால் நான் மேலே சொன்ன முதல் திட்டம் உதவாது. அங்கே அப்போது நாலு மணிக்கு முன்பே பொழுது இறங்கிவிடும். இருட்டில், குளிரில், திறந்த மாடியில் உட்கார்ந்து எதைப் பார்க்கப் போகிறீர்கள்? குளிர்காலத்தில் எந்த டிக்கெட்டாக இருந்தாலும் காலையில் பஸ், மத்தியானத்துக்கு மேல் சிலைக் கூடம்.

போய் இறங்கிய முதல் நாளில் இந்த டிக்கெட்டைத் தொடவே தொடாதீர்கள். கோடையில் நமக்கும் அங்கேயும் நாலரை மணி நேர வித்தியாசம். அங்கே சாயங்காலம் ஐந்து என்றால் உடம்புக்கு ராத்திரி ஒன்பதரை. என் பெரிய மச்சான் விமானத்தை விட்டு இறங்கிய அன்றே மாடி பஸ் ஏறினார். மார்பிள் ஆர்ச்சில் கண்ணை மூடியவர் டவர் பிரிட்ஜ் தாண்டித்தான் திறந்தார். இன்றைக்கும் லண்டனை முழுசாகப் பார்த்தேன் என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பஸ்ஸைப் பற்றி. ஊட்டியில் சீசன் சமயத்தில் அரசு போக்குவரத்துக் கழகம் ஒரே டிக்கெட்டில் படகு இல்லம், தாவரவியல் பூங்கா, ரோஜாப் பூங்கா என்று சுற்றுப் பேருந்து விடுகிறதல்லவா, சூத்திரம் அதேதான். லண்டனில் இதை ஒரே கம்பெனி ஓட்டவில்லை. பிக் பஸ், டூட்பஸ் என்று வேறு வேறு நிறுவனங்கள் ஓட்டுகின்றன. ஒருவர் டிக்கெட் இன்னொருவர் வண்டியில் செல்லாது. ஒரே நிறுவனத்திலும் வண்ணம் பிரித்து இரண்டு மூன்று தடங்கள் இருக்கும், எல்லாத் தடமும் பேக்கர் ஸ்ட்ரீட்டுக்கு வராது. ஏறும்போதே நடத்துநரிடமோ ஓட்டுநரிடமோ கேட்டுவிடுங்கள். காதில் மாட்டிக்கொள்ள இயர்போன் கொடுப்பார்கள், பல மொழிகளில் வர்ணனை ஓடும். நான் தேடிப் பார்த்தவரை தமிழ் கிடைக்கவில்லை. அதனால் அப்பச்சி பக்கத்தில் பையனை உட்கார வையுங்கள். ஆங்கிலத்தில் கேட்டு அவன் தமிழில் சொல்லட்டும். என் பேரன் அப்படிச் சொன்ன வரலாற்றில் பாதி அவனே கட்டியது. ஆனால் கேட்டுக்கொண்டு வந்த எங்கள் அக்காவுக்குப் பொழுது போனதே தெரியவில்லை.

மேல் மாடிக்குப் படி உண்டு, குறுகலான படி. வண்டி நிற்கும்போதே ஏறிவிட வேண்டும், ஓடும்போது ஏறினால் ஆட்டம் கொடுக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே உட்காரலாம்தான், ஆனால் கீழேயிருந்து பார்த்தால் அது சாதாரண டவுன் பஸ். அம்மிச்சிக்கு ஒரு தடவை மேலே ஏற முடியும் என்றால், முழுச் சுற்றுக்கும் இறங்காமல் மேலேயே உட்கார வைத்துவிடுங்கள். 'இறங்காமல் ஒரு முழுச் சுற்று' என்று நான் அழுத்திச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். மே மாதத்திலும் மேலே காற்று குளிரும். ஸ்வெட்டர், காதை மூடத் துண்டு அவசியம். பல வண்டிகளில் மேல்மாடியின் முன்பாதிக்குக் கூரை இருக்கும், மழை வந்தால் எல்லாரும் அங்கேதான் நெருக்கியடிப்பார்கள். அப்புறம், இதை யாரும் விளம்பரத்தில் சொல்லமாட்டார்கள்: வண்டியில் கழிவறை கிடையாது. ஒரு சுற்று என்றால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. சர்க்கரை உள்ள பெரியவர்களைச் சிலைக் கூடத்திலிருந்து வெளியே வருவதற்கு முன் கழிவறைக்கு அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.

பக்கிங்ஹாம் அரண்மனையில் காவலர் மாற்றும் சடங்கைச் சொல்லி யாராவது ஆசை காட்டுவார்கள். வழக்கமாக அது திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு காலை பதினொன்றுக்கு. அந்த நேரத்தில் அரண்மனையைச் சுற்றி ரோட்டை அடைப்பார்கள், மாடி பஸ்ஸும் சுற்றிக்கொண்டு போகும். அது வேண்டும் என்றால் தனியாக ஒரு காலையை ஒதுக்குங்கள். இந்த இரண்டோடு மூன்றாவதாகச் சேர்க்காதீர்கள்.

பஸ் டவர் பிரிட்ஜ் மேலேயே ஏறிப் போகும், அதற்காகவே மாடி பஸ் டிக்கெட் எடுக்கலாம். 1894ல் திறந்த பாலம். கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து மேலே தூக்கிக்கொள்ளும், வருஷத்துக்குச் சுமார் 800 தடவை. நீங்கள் போகும்போது தூக்கினால் பஸ் நின்றுவிடும். அவசரப்படாதீர்கள், கொடுத்துவைத்தவர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நீராவியில் தூக்கிக்கொண்டிருந்த அந்தப் பழைய இஞ்சின்களைப் பாலத்துக்குள் இன்றும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பம்பும் மோட்டாரும் செய்கிற ஊர்க்காரன் நான், அங்கே இரண்டு மணி நேரம் நின்றுவிட்டேன். வீட்டுக்காரி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தாள்.

பஸ் என்றதும் இன்னொன்று. உலகம் சுற்றி வந்து நம்ம ஊரை இஞ்சினியரிங் ஊராக்கிய ஜி.டி. நாயுடு ஆரம்ப காலத்தில் செய்தது பஸ் ஓட்டுகிற வேலைதான். 1920ல் ஒரு வண்டி வாங்கி பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் தானே ஓட்டினார். வெளிநாட்டு பஸ்ஸைப் பார்த்து வாயைப் பிளக்கிற பிள்ளைகளுக்கு, கிளம்புவதற்கு முன் கோவை அவிநாசி ரோட்டில் இருக்கும் கார் அருங்காட்சியகத்தை ஒரு நாள் காட்டிவிடுங்கள். அந்தக் குடும்பத்து அறக்கட்டளை வைத்திருப்பது. போகவர அரை நாள் போதும்.

இப்போது மெழுகுச் சிலைக் கூடம். பிரபலங்களோடு படம் எடுத்துக்கொள்கிற இடம் என்று மட்டும் நினைத்துப் போனால் ஒரு மணி நேரத்தில் சலித்துவிடும். நம்ம பெரியவர்களுக்கு அங்கே நிற்கிற பாதிப் பேர் யாரென்றே தெரியாது. ஆங்கிலப் பாட்டுக்காரர்கள், கால்பந்து ஆட்டக்காரர்கள், ராஜ குடும்பம். காந்தி, அமிதாப் பச்சன், ஷாருக் கான் மாதிரி தெரிந்த முகங்களும் அங்கே இடம் பிடித்தவர்கள்தான். அமிதாப்புக்கு வைத்தது 2000ல், இந்திய சினிமா நடிகர்களில் அவர்தான் அங்கே முதல் ஆள். ஆனால் சிலைகளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒருவரை மட்டும் பார்க்க என்று போனால் அவர் அன்றைக்கு இல்லாமலும் போகலாம்.

அதனால் உள்ளே போகும் முன் அந்தச் சிலை எப்படிச் செய்வது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கூட்டிப்போங்கள். அப்போது பார்வையே மாறிவிடும். உயிரோடு இருப்பவர் என்றால் அவரை உட்கார வைத்து இருநூறுக்கும் மேற்பட்ட அளவு எடுக்கிறார்கள். எல்லாப் பக்கமிருந்தும் போட்டோ. அதை வைத்துக் களிமண்ணில் தலை. களிமண் தலைமேல் பிளாஸ்டர் பூசித் துண்டு துண்டாக அச்சு. அச்சில் உருக்கிய மெழுகை ஊற்றி, ஓரம் கெட்டியானதும் நடுவில் உள்ளதைக் கவிழ்த்துவிடுவார்கள். தலை உள்ளே கூடாக நிற்கும். முடியை ஊசியால் ஒவ்வொன்றாகச் செருகுகிறார்கள், அதற்கே வாரக்கணக்கில் ஆகும். தோலுக்கு வண்ணம் ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய பூச்சுகள். உடம்பு மெழுகு இல்லை, பைபர் கிளாஸ். சட்டைக்குள் மறைகிற இடத்துக்கு எதற்கு மெழுகு?

எனக்கு அங்கே பிடித்துப்போனது ஒரே ஒரு எண். களிமண் தலையை நிஜத் தலையைவிட 2 சதவீதம் பெரிதாகச் செய்கிறார்கள். மெழுகு ஆறும்போது சுருங்கும் என்பதால். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் கணபதியில் வாழ்நாள் முழுக்கச் செய்ததும் அதுதானே! வார்ப்பிரும்புக்கு 1 சதவீதம், அலுமினியத்துக்கு அதைவிடக் கொஞ்சம் கூட, எஃகுக்கு 2 சதவீதம் என்று பேட்டர்னைப் பெரிதாகச் செதுக்குவோம். பேட்டர்ன் கடையில் உள்ள அளவுகோலே மற்ற அளவுகோலைவிட அந்த அளவு நீளமாக இருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் அதைக் கடைக்கு வெளியே எடுத்துக்கொண்டுபோய் ஜன்னலுக்கு அளவெடுத்து மாட்டிக்கொண்ட கதை ஒவ்வொரு கடையிலும் இருக்கும். எஃகுக்கு விடுகிற அதே 2 சதவீதம் ஒரு நடிகர் மூக்குக்கும் விடுகிறார்கள் என்றால், அந்தக் கூடமும் ஒரு பவுண்டரிதான். பையனிடம் இதைச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று உயரம் அளக்க ஆரம்பித்துவிடுவான்.

இந்தக் கூடத்தைத் தொடங்கிய துசோ அம்மாளின் கதையும் சொல்லத் தகுந்தது. 1761ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் பிறந்தவர். அவருடைய அம்மா கர்ட்டியஸ் என்கிற டாக்டர் வீட்டில் வேலை பார்த்தார். அந்த டாக்டருக்கு மெழுகில் உடல் உறுப்பு செய்வதில் கை தேர்ச்சி, அவரிடம்தான் இந்தப் பெண் தொழில் கற்றது. 1777ல் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேரின் உருவத்தைச் செய்தபோது வயது பதினாறுதான். பிரெஞ்சுப் புரட்சியில் தலை வெட்டப்பட்டவர்களின் முகத்தில் அச்செடுக்கும் கொடுமையான வேலையும் அவர் தலையில் விழுந்ததாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். 1802ல் பிரிட்டனுக்கு வந்தார். அப்புறம் 30 வருஷத்துக்கும் மேலாக, சிலைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் காட்சி. நம்ம ஊர் டூரிங் டாக்கீஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1835ல்தான் பேக்கர் ஸ்ட்ரீட்டில் நிலையாக உட்கார்ந்தார், எழுபதைத் தாண்டிய வயதில். 1850ல் காலமானார். இப்போது இருக்கும் மேரிலிபோன் ரோட்டு இடத்துக்கு மாறியது 1884ல். 1925ல் தீ விபத்து, 1940ல் குண்டுவீச்சு. மெழுகு உருகிப்போகும், ஆனால் அச்சு பிழைத்தால் ஆள் பிழைத்தமாதிரி. 1925ல் பெரும்பாலும் அச்சுகள் தப்பின, 1940ல் நிறைய அச்சுகளே போய்விட்டன. அச்சு போனால் என்ன ஆகும் என்று ஒரு பேட்டர்ன்காரனிடம் கேட்கக் கூடாது, கண் கலங்கிவிடும்.

உள்ளே நடைமுறை. வாசலில் பை சோதனை உண்டு. ஓட்டலைக் காலி செய்துவிட்டுப் பெட்டியோடு நேராக அங்கே போய்விடாதீர்கள், பெரிய பெட்டிகளை உள்ளே விடமாட்டார்கள். இரண்டு மணி நேரமாவது நின்றுகொண்டும் நடந்துகொண்டும் இருக்க வேண்டும், உட்கார இடம் குறைவு. அப்பச்சிக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள், ஒரே நேரத்தில் உள்ளே விடும் நாற்காலிகளுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். பயங்கர அறை என்று ஒன்று உண்டு, கொலைகாரர்கள் கதை. 8 வயதுப் பெண்ணுக்கு அது வேண்டாம், தவிர்த்துவிட்டுப் போக வழி இருக்கிறது. கறுப்பு டாக்சி மாதிரி ஒரு சின்ன வண்டியில் உட்கார்ந்து லண்டன் வரலாற்றைச் சுற்றிப் பார்க்கிற சவாரி பெரியவர்களுக்குப் பிடிக்கும். முக்கியமாக, அங்கே உட்காரலாம். படம் உங்கள் போனிலேயே எடுத்துக்கொள்ளலாம். அவர்களும் எடுத்துக் கடைசியில் பிரிண்ட் போட்டு நீட்டுவார்கள். வாங்கவேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். கூட்டு டிக்கெட்டில் லண்டன் ஐ ராட்டினம், மீன் காட்சியகம் என்று இன்னும் சிலதைச் சேர்த்துக் காட்டுவார்கள். சிலைக் கூடத்தை நடத்தும் மெர்லின் நிறுவனத்தின் கையில்தான் அவையும் இருக்கின்றன, அதனால்தான் சேர்த்துத் தள்ளுபடி கொடுக்க முடிகிறது. அவை தேம்ஸ் நதிக்குத் தென்கரையில் இருப்பவை. பேக்கர் ஸ்ட்ரீட்டிலிருந்து பாதாள ரயிலின் ஜூபிலி தடத்தில் மூன்றாவது நிறுத்தமான வெஸ்ட்மின்ஸ்டரில் இறங்கிப் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். நாலு நாளில் இரண்டுக்கு மேல் சேர்க்காதீர்கள். சேர்க்கச் சேர்க்க ஒன்றின் விலை குறையும், பார்க்கிற பொழுதும் குறையும்.

ஆறு பேருக்குக் கூட்டு டிக்கெட் கட்டுப்படியாகவில்லை என்றால் சிலைக் கூடத்துக்கு மட்டும் வாங்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு லண்டன் டவுன் பஸ்ஸையே பிடியுங்கள். அதுவும் சிவப்பு, அதுவும் இரண்டு மாடி, கூரை மட்டும் உண்டு. பேக்கர் ஸ்ட்ரீட்டில் 139 ஏறினால் ஆக்ஸ்போர்டு ஸ்ட்ரீட், பிக்கடில்லி, டிரஃபால்கர் சதுக்கம் வழியாக நதியைத் தாண்டி வாட்டர்லூ போகும். டிரஃபால்கர் சதுக்கத்தில் இறங்கி 15 பிடித்தால் செயின்ட் பால் தேவாலயத்தைக் காட்டிவிட்டு லண்டன் டவர் கோட்டை வாசலில் விடும். நான் கடைசியாகப் போனபோது ஒரு தடவைக்கு 1.75 பவுண்டு. முதல் தட்டலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் அதே காசுதான். காசு வாங்கமாட்டார்கள், கார்டைத் தட்ட வேண்டும். ஒரே கார்டை ஆறு பேருக்கும் தட்ட முடியாது, பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் தனிக் கார்டு வேண்டும். அப்பச்சி, அம்மிச்சிக்கு ஆய்ஸ்டர் கார்டு (முன்னாலேயே பணம் போட்டுவைக்கிற லண்டன் பயண அட்டை) வாங்கிக் கொடுத்துவிடுங்கள். 11 வயதுக்குக் கீழே பஸ்ஸில் இலவசம், அதனால் உங்கள் பெண்ணுக்குச் செலவில்லை. பையனுக்கு 12 என்பதால், ஆய்ஸ்டர் கார்டில் இளம் பயணி சலுகையை ஏற்றித் தரச் சொல்லி பாதாள ரயில் நிலைய ஊழியரிடம் கேளுங்கள். பாதிக் கட்டணம் ஆகிவிடும். வர்ணனை மட்டும் இருக்காது. பேரன் இருக்கிறானே.

சிங்கப்பூரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோவையிலிருந்து நேர் விமானம் இருப்பதால் நம்ம பக்கத்தில் பலருக்கு முதல் வெளிநாடு அதுதான், அங்கேயும் துசோ கூடம் உண்டு. ஆனால் அது சென்டோசா தீவில் இருக்கிறது. தீவுக்குள் ஓடும் பஸ், டிராம், மோனோ ரயில் எல்லாம் இலவசம். அங்கே கூடத்துக்குப் போகிற நாளை முழுக்கத் தீவிலேயே கழியுங்கள், நகரம் சுற்றும் மாடி பஸ்ஸை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சாப்பாடு. சிலைக் கூடத்திலிருந்து கிழக்கே யூஸ்டன் பக்கம் டிரம்மண்ட் ஸ்ட்ரீட் என்று ஒரு சின்னத் தெரு, சைவ இந்திய ஓட்டல்கள் நிறைந்தது. மத்தியானத்துக்கு அது போதும். ராத்திரிக்கு நம்ம ஊர்ச் சாப்பாடுதான் வேண்டும் என்று அம்மிச்சி பிடிவாதம் பிடித்தால் பேக்கர் ஸ்ட்ரீட்டிலேயே பாதாள ரயிலின் ஹேமர்ஸ்மித் அண்ட் சிட்டி தடத்தில் பார்க்கிங் (Barking) என்கிற ஊருக்குப் போகிற ரயிலில் ஏறுங்கள், மாறாமல் ஈஸ்ட் ஹாமில் இறங்கலாம். தமிழ்க் கடை, தோசைக் கடை, பக்கத்தில் முருகன் கோயில் எல்லாம் அங்கே இருக்கிறது. ரயிலுக்கு நிற்கிற நடைமேடையில் தலையைத் தூக்கி அந்தச் செங்கல் வளைவுகளைப் பாருங்கள். 1863ல் உலகின் முதல் பாதாள ரயில் ஓட ஆரம்பித்தபோது கட்டிய நிலையம் அது. அதற்கு டிக்கெட் தனியாகக் கிடையாது.